உடலுக்கேற்ற சைக்கிள்

சட்டையை அளவெடுத்துத் தைக்கச் சொல்லும் நாம், சைக்கிளை மட்டும் அளவு பாராமல் வாங்கிவிடுகிறோம். வண்டிக்கு உடலைப் பொருத்தினால் வருந்துவது முழங்காலன்றோ!

பிரேம் 22 அங்குலமா, 24 அங்குலமா என்பதைக் காலின் நீளமே தீர்மானிக்க வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை தாழ்த்தினால் கால் நேராக நீள வேண்டும். ஸீட்டின் உயரத்திற்கு இதுவே அளவு.

பற்சக்கரமோ பாதையைப் பொறுத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் சாலை, சுமார் 50 கிலோமீட்டரில் ஆயிரம் அடிக்கு மேல் ஏறுகிறது. முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள வண்டியில், பெடல் ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். பின்னே 22 பல் பிரீவீல் பூட்டினால் இரண்டே சுற்று. வேகம் சற்றுக் குறையும், ஏற்றம் எளிதாகும்.

1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றிய பின், தமிழகத்திலேயே சைக்கிள் செய்யும் திறமை வளர்ந்தது. அளந்து கேட்டு வாங்கும் வழக்கமும் வளர வேண்டாமா?