ஊர்வனத் தொட்டி விளக்கு: ஹோல்டர் தாங்கும் வாட் எவ்வளவு?

பாம்பு, ஓணான், ஆமை போன்ற ஊர்வன வெயில் காய்ந்துதான் உடலைச் சூடேற்றிக்கொள்கின்றன. சூடு குறைந்தால் தின்ற இரைகூடச் செரிக்காது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அந்த வெயிலின் வேலையைப் பல்பு செய்கிறது. 50 முதல் 150 வாட் வரையுள்ள பல்பு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், பல சமயம் ஆளில்லாத வீட்டில், தொடர்ந்து எரிகிறது. ஆகவே அதைத் தாங்கும் ஹோல்டரின் தரம் உயிர்ப் பிரச்சினை.

தரமான ஹோல்டரில் அது தாங்கக்கூடிய அதிகபட்ச வாட் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரம்பு முக்கியமாக வெப்பத்தைப் பற்றியது. 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. ஒயருக்கு அது பாரமே இல்லை. ஆனால் இழை பல்பும் ஹாலஜன் பல்பும் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கவிழ்த்த குடைக்குள் அந்த வெப்பம் மேலேறி ஹோல்டரின் கழுத்தில் தேங்குகிறது. சாதாரண பிவிசி ஒயரின் உறை தாங்குவது சுமார் 70 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டினால் உறை இறுகி வெடிக்கும், பேக்கலைட் கருகும், உள்ளே இருக்கும் பித்தளைத் தொடுமுனை தளரும். தளர்ந்த இடத்தில் சூடு மேலும் ஏறும்; பிறகு தீப்பொறி. 60 வாட் ஹோல்டரில் 100 வாட் பல்பைப் போட்டால் அன்றைக்கே எதுவும் ஆகாது, மாதக்கணக்கில் மெல்லக் கெடும். மின்னோட்டம் அளவுக்கு மீறாததால் எம்சிபி விழாது. மின்கசிவு இல்லாதவரை ஆர்சிசிபியும் விழாது. இவற்றை நம்பி இருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

கண்ணும் மூக்கும்தான் முதலில் கண்டுபிடிக்கும். ஹோல்டரின் வாய் பழுப்பேறியிருக்கும், வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும், கழுத்தருகே ஒயரை வளைத்தால் உறை நொறுங்கும், மீன் வாடை போன்ற ஒரு நெடி வரும். இதில் ஒன்று தென்பட்டாலும் பல்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹோல்டரையும் ஒயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வரம்புக்குக் குறைந்த வாட் பல்பைப் போடுவதில் மின்வழியில் எந்தத் தீங்கும் இல்லை. எல்இடி பெட்டியில் உள்ள ‘60 வாட்டுக்கு இணை’ என்ற வாசகம் வெளிச்சத்தைக் குறிக்கிறது. அது உண்மையில் இழுப்பது ஒன்பது வாட் அளவுதான், வெயில் காயவும் உதவாது. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டக்கூடும். வாட் பொருந்தினாலும் அதைப் பீங்கான் ஹோல்டரில் மட்டுமே மாட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் பல்பை இங்குள்ள மின்சாரத்தில் மாட்டவே கூடாது, வெடித்துச் சிதறலாம்.

எத்தனை வாட் தேவை என்பதை விலங்கும் இடமும் முடிவு செய்கின்றன. ஆஸ்திரேலிய தாடி ஓணான் வெயில் காயும் இடத்துக்குச் சுமார் 40 டிகிரி வேண்டும். பால் பைத்தானுக்கு 32 போதும். சென்னையின் மே மாதத்தில் மிகுதியாகும் பல்பு ஊட்டியின் டிசம்பரில் போதாமல் போகும். குறைந்த வாட்டில் தொடங்கி, விலங்கு படுக்கும் இடத்திலேயே வெப்பமானி வைத்து அளந்து, உயரத்தைச் சரிசெய்வது நல்லது. அப்படியும் போதாவிட்டால் கூடுதல் வாட் தாங்கும் ஹோல்டர் வாங்க வேண்டும். இருக்கும் ஹோல்டரின் வரம்பை மீறக் கூடாது. பல்புக்கேற்ற தெர்மோஸ்டாட் அவசியம். ஊர்வன பல சமயம் தோல் வேகும்வரை சூட்டைவிட்டு நகர்வதில்லை என்பதால், தொட்டிக்குள் இருக்கும் பல்புக்குக் கம்பிக் கூண்டும் வேண்டும். கிளிப்பை மட்டும் நம்பாமல் விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். திரைச்சீலை அருகில் இருக்கக் கூடாது.

புகை வந்தால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. விலங்குக்குத் தீப்புண் பட்டால் கைவசமுள்ள களிம்பைத் தடவாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கருகிய ஹோல்டரைத் தூக்கி எறியாமல், பெட்டி, ரசீது, புகைப்படங்களோடு பத்திரப்படுத்த வேண்டும். இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருப்பது கட்டாயம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தாலும், பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதுமான அளவு தராவிட்டாலும், அதனால் விளைந்த சேதத்துக்குத் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். அச்சிட்ட வரம்பை வாங்கியவரே மீறியிருந்தால் வழக்கு நிற்பது கடினம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள், வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.