ஆற்றுப்படுத்தலும் காட்டுதலும்: புதுச்சேரி முதல் தரங்கம்பாடி வரையிலான வழிகாட்டிச் சுற்றுலா உரைகள்

முன்னுரை

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர் – சேலம் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர் வேப்பூர். இங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பயணி, பீங்கான் தொழிலால் அறியப்பட்ட விருத்தாசலத்தைக் கடந்து கடலூரில் கடலைக் காண்கிறார். அங்கிருந்து வடக்கே திரும்பினால் அரிக்கமேடும் புதுச்சேரியும்; தெற்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி. உள்நாட்டுப் பள்ளி, கல்லூரி மாணவர்களின் பேருந்துச் சுற்றுலாக்களுக்கும் வெளிநாட்டினர் விரும்பும் நகர நடைச் சுற்றுலாக்களுக்கும் இவ்வழி பொதுவானது. இவ்விரு வகையிலும் ஊருக்கும் காண்போருக்கும் இடையே நின்று பேசுபவர் வழிகாட்டி. காண்போரில் பெரும்பாலோர் அவ்வூரின் வரலாற்றை நூல்வழி அறிவதில்லை. வழிகாட்டி சொல்லும் ஒரு மணி நேரப் பேச்சே அவர்கள் மனத்தில் வரலாறாகத் தங்குகிறது. ஆகவே அப்பேச்சு ஒரு பனுவலாகக் கருதி ஆராயத்தக்கது. தமிழிலக்கியம் அறிந்த வழிகாட்டல் மரபை அளவுகோலாகக் கொண்டு, இக்கடற்கரை ஊர்களைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் செய்திகள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ் மரபில் வழிகாட்டல்

வழி கூறுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டில் இடம்பெறும் சிறுபாணாற்றுப்படை, இங்குப் பேசப்படும் கடற்கரையின் வடபகுதியையே தன் களமாகக் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூல் 269 அடிகளைக் கொண்டது. பரிசில் பெற்ற பாணன் எதிர்ப்பட்ட பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களின் வழியே செல்லும் பாதையைச் சொல்கிறான். இவற்றுள் எயிற்பட்டினத்தை மரக்காணம் என அறிஞர் அடையாளம் காண்பர்.

இவ்வழியுரையில் மூன்று பண்புகள் புலப்படுகின்றன. முதலாவது, சொல்பவன் அவ்வழியே நடந்தவன். தான் பெற்றதையே பிறனுக்கு உரைக்கிறான். இரண்டாவது, ஒவ்வோர் ஊரும் அங்கு வாழும் மக்களைக் கொண்டே அறிமுகமாகிறது. எயிற்பட்டினத்தில் நுளைமகள் அளிக்கும் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டுச் சோறும் நண்டும் கூறப்படுகின்றன. மாளிகையும் மதிலும் பின்னரே வருகின்றன. மூன்றாவது, வழியுரை ஒரு பயனை நோக்கியது. கேட்பவனின் வறுமை நீங்குவதே அப்பயன்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை இதற்கு மற்றொரு கூறினைச் சேர்க்கிறது. மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும், அவற்றின் இடர்களையும் அற்புதங்களையும் எடுத்துரைக்கிறான். இடவழியிலுள்ள பொய்கைகளில் நீராடினால் கிட்டும் பேறுகளை அவன் புகழ, கவுந்தியடிகள் அவை வேண்டா என மறுத்துவிடுகிறார். வழி சொல்பவனின் கூற்றில் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் உண்டு என்பதையும், கேட்பவர்க்கு அதைத் தெரியும் உரிமை உண்டு என்பதையும் இக்காட்சி உணர்த்துகிறது. நடந்தறிந்த அறிவு, வாழும் மக்களை முன்னிறுத்தல், கேட்பவர் பயன், ஆய்ந்து ஏற்றல் என்னும் இந்நான்கும் இன்றைய வழிகாட்டியுரையை மதிப்பிடத் தகுந்த அளவைகளாகும்.

புதுச்சேரி: வாய்க்காலின் இருபுறம்

புதுச்சேரி நகரச் சுற்றுலா பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் தொடங்கி, பெருவாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள தெருக்களில் முடிந்துவிடுகிறது. மஞ்சள் வண்ணச் சுவர்களையும் பிரெஞ்சுத் தெருப்பெயர்களையும் காட்டி, நகரம் முழுவதும் பிரெஞ்சுக்காரர் படைப்பே எனக் கூறுவது எளிதாகிவிட்டது. 'வெள்ளை நகரம்' என்னும் குடியேற்றக் காலப் பெயர் இன்று விடுதிகளின் விளம்பரச் சொல்லாக மீண்டும் வழக்கில் வந்துள்ளது. அதன் இணைச்சொல்லான 'கறுப்பு நகரம்' மட்டும் உச்சரிக்கப்படுவதில்லை. பிரிவினையைக் கூறாமல் பிரிவின் ஒரு பாதியை மட்டும் புகழ்வது வரலாற்றைக் குறைத்துக் கூறுவதாகும்.

சான்றுகள் வேறுபட்ட சித்திரத்தைத் தருகின்றன. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். 1693இல் நகரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்த ஒல்லாந்தரே நேர்கோட்டுத் தெருக்களுக்குரிய வரைவை வகுத்தனர். 1761 சனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கைக்குப்பின் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப, 1765 முதல் மறுபடி கட்டப்பட்டது. ஆகவே இன்று காணப்படும் பிரெஞ்சுப் பாணிக் கட்டடங்கள் பெரும்பாலும் அழிவுக்குப் பின் எழுந்தவை. தூப்ளே நடந்த தெரு எனச் சுட்டப்படும் இடத்தில் தூப்ளே கண்ட கட்டடத்தைக் காண்பது அரிது.

வாய்க்கால் இரு சமயங்களையும் இரு பண்பாடுகளையும் துல்லியமாகப் பிரித்தது என்பதும் பொருந்தாது. பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு முற்பட்ட மணக்குள விநாயகர் கோயில் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதிக்குள் உள்ளது. மக்கள் சம்பா கோயில் என வழங்கும் பேராலயம் மேற்கே, தமிழ்ப் பகுதியில் உள்ளது. புனித பவுல் என்னும் பெயரின் பிரெஞ்சு ஒலிப்பே தமிழர் நாவில் 'சம்பா' ஆயிற்று. ஒரு சொல்லின் திரிபு, இரு மொழியினர் அருகருகே வாழ்ந்த வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. இதனைச் சொல்லும் வழிகாட்டி கட்டடத்தின் உயரத்தைச் சொல்பவரைவிட மிகுதியாகக் காட்டுகிறார்.

இந்நகரின் சிறந்த வழிகாட்டிப் பனுவல் ஏற்கெனவே தமிழில் உள்ளது. தூப்ளேயின் துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வருகை, துணி வணிகம், வழக்குகள், வதந்திகள், தெருச் சச்சரவுகள் யாவும் பதிவாகியுள்ளன. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நிகழ்ச்சியையும் அதனால் மக்கள் அடைந்த துயரையும் அவர் எழுதியுள்ளார். பிள்ளை மறைந்ததும் நகரம் வீழ்ந்ததும் 1761 சனவரி மாதத்திலேயே என்பது குறிப்பிடத்தக்கது. அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் தமிழ்ப் பகுதியில் நிற்கிறது. எனினும் நகர நடைகள் பெரும்பாலும் அதுவரை நீள்வதில்லை. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் நினைவில்லமும், பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாரதிதாசன் நினைவில்லமும் வாய்க்காலுக்கு மேற்கேதான் உள்ளன. நவீனத் தமிழ்க் கவிதையின் திருப்புமுனையைத் தேடி வரும் மாணவர் கிழக்குத் தெருக்களோடு திரும்பினால் அதனைக் காணாமலே செல்வர்.

தமிழ்ப் பகுதியின் வீட்டமைப்பும் விளக்கத்துக்குரியது. தெருவின் மேல் நீண்டு நிழல் தரும் தாழ்வாரம், வழிப்போக்கர் அமரும் திண்ணை, உள்ளே வான்நோக்கித் திறந்த முற்றம் என்பன முறையே பொது இடம், இடைநிலை இடம், குடும்ப இடம் ஆகியவற்றைக் குறிக்கின்றன. வைசியாள் வீதியில் இவ்வமைப்புகள் 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் மீட்டமைக்கப்பட்டன. 2008இல் அப்பணி யுனெசுகோவின் ஆசிய – பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. முன்பின் அறியாதவனுக்கும் அமர இடம் அளிக்கும் திண்ணையை விளக்குவது, ஆற்றுப்படை காட்டிய விருந்தோம்பலைக் கட்டடத்தில் காட்டுவதாகும்.

அரிக்கமேடு: மேட்டில் காண ஒன்றுமில்லையா?

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் மரங்களும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சமயப்பள்ளியின் இடிபாடுகளுமே கண்ணுக்குப் புலப்படுகின்றன. காண ஒன்றுமில்லை எனச் சுற்றுலாப் பேருந்துகள் கடந்து செல்லும் இவ்விடமே வழிகாட்டியின் சொல் மிகவும் தேவைப்படும் இடம். 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ஆம்போரா, அரிட்டைன் ஆகிய மத்தியதரைக் கடற்பகுதி மட்கலங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றால் தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலக்கணிப்பு வாய்த்தது. பெரிப்ளூசு குறிக்கும் பொதுகே என்னும் துறை இதுவே எனக் கருதப்படுகிறது.

'உரோமரின் குடியிருப்பு' என்னும் கூற்று வீலரின் கருத்திலிருந்து பரவியது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு, உரோமத் தொடர்புக்கு முன்னரே இங்கு மக்கள் குடியிருந்ததையும், அத்தொடர்பு தளர்ந்த பின்னரும் வாழ்க்கை தொடர்ந்ததையும் காட்டியது. வந்தவர் நிறுவிய துறை அன்று இது; இருந்தவரை நாடி வந்தவர் வணிகம் செய்த துறை. தமிழ்ப்பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் அவ்விருந்தவரின் குரலாகும். மண்ணும் சூளையும் அறிந்த விருத்தாசலப் பகுதி மாணவர்க்கு ஒரு பானை ஓட்டின் தடிப்பையும் சுடுமுறையையும் கொண்டே இவ்வரலாற்றை விளக்க இயலும்.

தென்கடற்கரை: பெயர்களின் சான்று

கடலூர் முதல் தரங்கம்பாடி வரையுள்ள ஊர்களில் வழிகாட்டியுரையின் நிறைகுறைகளை ஊர்ப்பெயர் விளக்கங்கள் தெளிவாகக் காட்டும்.

கடலூரில் 1690இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்கள் விற்பனையில் அடங்கும் என்பது உடன்பாடு. குண்டுசாலை என்னும் பெயர் அந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இதனை வேடிக்கைக் கதையாகச் சொல்லி முடிப்பதே வழக்கம். குண்டு விழுந்த நிலத்தில் வாழ்ந்தவர் எவரையும் கேளாமல் ஊர்கள் கைமாறின என்பது அக்கதையின் உட்பொருள். அதே நகரில் கல்லைத் தெப்பமாகக் கொண்டு அப்பர் கரையேறியதாகச் சைவ மரபு கூறும் இடம் கரையேறவிட்டகுப்பம் என வழங்குகிறது. ஒரே கடற்கரை அதிகார நினைவையும் பக்தி நினைவையும் பெயர்களாகப் பேணியுள்ளது.

பரங்கிப்பேட்டை என்னும் பெயர் ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி' என்னும் சொல்லால் அமைந்தது. 1781 சூலை 1இல் ஐதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் இவ்வூரருகே போர் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பாலை ஒன்று இங்கு இயங்கியது. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இங்குள்ளது. அருகிலுள்ள பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டுக்குப் படகேற வரும் பயணிகள் இவ்வூரைக் கடந்தே போய்விடுகின்றனர்.

தரங்கம்பாடியை 'அலைகள் பாடும் ஊர்' என விளக்குவது பரவலான வழக்கு. இவ்விளக்கம் இனிமையானது, ஆனால் இலக்கணத்தோடும் கல்வெட்டோடும் பொருந்தாதது. பாடி என்பது குடியிருப்பைக் குறிக்கும் பழந்தமிழ் ஊர்ப்பெயர் ஈறு. மாசிலாமணிநாதர் கோயிலில் உள்ள, குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டில் இவ்வூர் குலசேகரன்பட்டினம் என்னும் சடங்கன்பாடி எனக் குறிக்கப்பெறுகிறது. அக்கோயில் 1306இல் எழுந்தது. டேனியர் இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து கோட்டை எழுப்பியதோ 1620இல். வரலாறு டேனியருடன் தொடங்குவதாகக் கூறும் உரைகள் மூன்று நூற்றாண்டுகளை விட்டுவிடுகின்றன. கடல் அரிப்பால் சிதைந்த அக்கோயில் டேனியக் கோட்டைக்கு அண்மையில்தான் உள்ளது.

தமிழ் அச்சு இவ்வூரிலேயே பிறந்தது என்னும் கூற்றும் திருத்தத்துக்குரியது. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. 1706இல் வந்த சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவி, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார் என்பதே சரியான செய்தி. அதனினும் தமிழாய்வாளர்க்கு அரியது, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் அவர் எழுதிய விளக்கப்பட்டியல். டேனியக் கம்பெனியில் முன்னர்த் துபாஷியாக இருந்த தமிழர் ஒருவர் அவருடைய மொழிக்கல்விக்குத் துணைநின்றார். புதுச்சேரியிலும் தரங்கம்பாடியிலும் வந்தவர்க்கு ஊரை விளக்கிய முதல் வழிகாட்டிகள் துபாஷிகளே. இன்றைய வழிகாட்டி அவர்தம் வழிவந்தவர் எனலாம்.

இவ்வூர்களின் கடற்கரை மீனவர் வாழிடம் என்பதும் உரைகளில் இடம்பெற வேண்டும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பைச் சந்தித்தது, தரங்கம்பாடியை அன்று தன்னுள் கொண்டிருந்த நாகப்பட்டினம் மாவட்டம். கோட்டையின் பழமையைக் கேட்டுத் திரும்பும் பயணி, அதன் நிழலில் வாழ்வோர் இழந்ததை அறியாமல் செல்வது சிறுபாணாற்றுப்படை வகுத்த முறைக்கு நேர்மாறானது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, இக்கடற்கரையின் வழிகாட்டியுரைகள் ஆண்டவரை எழுவாயாகவும் வாழ்ந்தவரைப் பின்புலமாகவும் கொள்கின்றன. ஆற்றுப்படை மரபு இவ்வரிசையை மாற்றி அமைத்தது. இரண்டு, பிழைகளுட் பல தீய நோக்கால் எழுந்தவையல்ல. தமிழ்ச் சான்றுகள் வழிகாட்டிகளின் கைக்கு எட்டாமையால் எழுந்தவை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, தரங்கம்பாடிக் கல்வெட்டு, அரிக்கமேட்டு அகழாய்வு முடிவுகள் ஆகியன அறிஞர் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. மூன்று, இவ்விடைவெளியை நிரப்பும் கடமை தமிழ்த்துறைகளுக்கும் உரியது. ஊர்தோறும் சரிபார்த்த சிறு வழியுரைகளை எளிய தமிழில் உருவாக்கி, பயிற்சி பெறும் வழிகாட்டிகளுக்கும் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் அளிப்பது துறைகளால் இயலும் பணி. வேப்பூரிலிருந்து புறப்படும் ஒரு பள்ளிப் பேருந்தின் மாணவர், கோட்டையைக் கண்டு திரும்பும்போது அதனருகே வாழ்ந்த, வாழும் மக்களையும் அறிந்து திரும்புவாராயின் அவ்வழியுரை தன் பயனை எய்தியதாகும்.