சரவெடியும் மின்கித்தாரும்: பழைய ராக் ஒலிநிறத்தை எண்முறைக் கருவியில் மீட்டுருவாக்கல்

ஆய்வுச் சுருக்கம்

1960களின் ராக் இசைப் பதிவுகளில் கேட்கும் மின்கித்தார் ஒலியை இன்றைய எண்முறை மாடலிங் கருவிகளைக் கொண்டு மீண்டும் உருவாக்கும் முறையின் அறிவியல் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வொலி இருவகை நிகழ்வுகளால் ஆனது. ஒன்றை ஒரே வெடியொலி கொண்டு அளந்துவிடலாம். மற்றொன்றை அவ்வாறு அளக்க இயலாது. இவ்வேறுபாடு சிவகாசி வட்டாரத்தார் நாளும் கேட்கும் வெடியொலிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு தெளிவுபடுத்தப்படுகிறது. தென்மாவட்டத் திருவிழாக்களில் ஒலித்த கூம்பு ஒலிபெருக்கியின் ஒலிநிறத்தை ஆவணப்படுத்த இம்முறை பயன்படும் என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச் சொற்கள்: ஒலிநிறம், வால்வு பெருக்கி, கணத்தாக்குத் துலங்கல், நேரிலாத் தன்மை, ஆம்ப் மாடலிங், கூம்பு ஒலிபெருக்கி.

முன்னுரை

ஒரே சுரத்தை ஒரே அளவில் நாகசுரமும் வீணையும் ஒலித்தாலும் கேட்போர் இரண்டையும் பிரித்தறிகின்றனர். சுரத்தானத்தையும் உரப்பையும் கடந்து நிற்கும் இப்பண்பே ஒலிநிறம். மரபிசைக் கருவிகளில் ஒலிநிறம் பெரும்பாலும் கருவியின் உடலிலேயே பிறக்கிறது. மின்கித்தாரில் அவ்வாறன்று. கம்பியின் அதிர்வைப் பிக்கப் என்னும் காந்தச்சுருள் மின்குறியாக்குகிறது. பெருக்கி அதனை வலுப்படுத்துகிறது. பெட்டியிலுள்ள ஒலிபெருக்கி மீண்டும் காற்றதிர்வாக்குகிறது. இக்கட்டுரையில் 'பெருக்கி' என்பது மின்குறியை வலுப்படுத்தும் சுற்றினையும், 'ஒலிபெருக்கி' என்பது ஒலியை வெளியிடும் உறுப்பினையும் குறிக்கும். மின்கித்தாரைப் பொறுத்தவரை இவ்விரண்டும் இசைக்கருவியின் பகுதிகளே.

1. மீட்டுருவாக்கத்திற்குரிய ஒலி

எடுத்துக்காட்டாக, ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவுடன் எரிக் கிளாப்டன் வாசித்து 1966ஆம் ஆண்டு வெளிவந்த இசைத்தட்டைக் கொள்ளலாம். பின்வந்த ராக் கித்தார் ஒலிக்கு அளவுகோலாக அமைந்தவற்றுள் அது முதன்மையானது. அதில் கிப்சன் லெஸ் பால் கித்தாரும், மார்ஷல் நிறுவனத்தின் '1962' என்னும் பெருக்கியும் பயன்பட்டன. ஈண்டு 1962 என்பது ஆண்டன்று. நிறுவனம் இட்ட மாதிரி எண். இதனை ஆண்டெனக் கொண்டு பிழைபட எழுதுவோர் உளர்.

அப்பெருக்கியில் கேடி66 வகை வால்வுகளும், மின்வழங்கலில் வால்வு அலைதிருத்தியும், 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டும் இருந்தன. அதன் சுற்றமைப்பு அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் பெருக்கியைத் தழுவிய ஜேடிஎம்45 வழியில் வந்தது. பதிவரங்கில் பெருக்கியை அடக்கி வைக்கும் வழக்கத்திற்கு மாறாக, மேடையில் வாசிக்கும் உரப்பிலேயே கிளாப்டன் வாசித்தார். பெருக்கி தன் எல்லையைத் தொட்டு நின்றதால் எழுந்த ஒலியே இசைத்தட்டில் பதிவாகியுள்ளது.

அந்தக் கித்தார் அதே ஆண்டில் களவுபோயிற்று. ஆகவே மூலக்கருவிகளை ஒருங்கே வைத்து அளக்கும் வாய்ப்பு இல்லை. எஞ்சியிருப்பது பதிவு மட்டுமே. அதில் கித்தார், பெருக்கி, ஒலிபெருக்கி, அறை, ஒலிவாங்கி, நாடா ஆகிய அனைத்தும் பிரிக்கவியலாது கலந்துள்ளன. மீட்டுருவாக்க முயல்வோர் இக்கலவையைக் கூறுகளாகப் பகுத்தறிதல் வேண்டும்.

2. ஒற்றை வெடியால் அளக்கத்தக்கது

சிவகாசியில் ஆளரவமற்ற மண்டபம் ஒன்றினருகே ஒரு குருவி வெடி வெடிப்பதாகக் கொள்வோம். வெடித்தல் மிகக் குறுகிய கணத்தில் முடிந்துவிடும். அதன்பின் செவியில் விழுவன சுவர், தூண், கூரை ஆகியவற்றின் எதிரொலிகள். 17 மீட்டர் தொலைவிலுள்ள மதிலில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ 0.1 வினாடி கழித்து வந்துசேரும். இவ்வெதிரொலித் தொகுதி அவ்விடத்தின் கைரேகை போன்றது. இதனைக் கணத்தாக்குத் துலங்கல் எனலாம். அரங்க ஒலியியலில் வெடி, பலூன், தொடக்கத் துப்பாக்கி ஆகியவற்றால் இதனை அளப்பது நெடுநாள் வழக்கம்.

அதே இடத்தில் ஒரு சரவெடி வெடித்தால் நிகழ்வது யாது? ஒவ்வொரு வெடியும் தனக்குரிய எதிரொலித் தொகுதியை எழுப்புகிறது. பெரிய வெடி பெரிதாகவும் சிறிய வெடி சிறிதாகவும் எழுப்புகிறது. அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூடுவதே நாம் கேட்கும் ஒலி. ஆகவே ஒற்றை வெடியின் எதிரொலியை அறிந்தால், எந்தச் சரவெடி அவ்விடத்தில் எவ்வாறு கேட்கும் என்பதை வெடிக்காமலே கணக்கிடலாம்.

எண்முறையில் பதிவான இசையும் ஒருவகைச் சரவெடியே. ஒரு வினாடி இசை 48,000 எண்களாகப் பதிவாகிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு சிறு வெடி. ஒவ்வொன்றிற்கும் துலங்கலை உருவாக்கிக் கூட்டும் கணக்கிற்குக் கன்வல்யூஷன் என்று பெயர். கித்தார் ஒலிபெருக்கிப் பெட்டியின் துலங்கலை 2,048 எண்களில் அடக்கினால் அது ஏறத்தாழ 43 மில்லிவினாடி நீளும். அதனை நேரடியாகக் கணக்கிட வினாடிக்கு ஏறத்தாழ 9.8 கோடி பெருக்கல்கள் தேவை. இன்றைய சிறு கருவிகளுக்கு இது எளிது.

12 அங்குலக் கித்தார் ஒலிபெருக்கி ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேல் விரைந்து தளர்ந்துவிடும். இக்குறையே கித்தார் ஒலியின் நிறைவுக்குக் காரணம். பெட்டியின் துலங்கலை நீக்கிவிட்டுக் கேட்டால் சிதைவுற்ற கித்தார் ஒலி வண்டின் இரைச்சல் போலிருக்கும்.

3. ஒற்றை வெடியால் அளக்கவியலாதது

மேற்கூறிய கணக்கு, உள்ளீடு இருமடங்கானால் வெளியீடும் இருமடங்காகும் என்னும் நேரியல் பண்பை அடிப்படையாகக் கொண்டது. எல்லையில் இயங்கும் வால்வு பெருக்கி இவ்விதிக்கு அடங்காது. தீபாவளியன்று கைப்பேசியில் பதிவுசெய்த வெடியொலி இதற்கு நல்ல சான்று. நேரில் செவியை அதிரவைத்த வெடி, பதிவில் தட்டையான சடசடப்பாகக் கேட்கும். ஒலிவாங்கியும் அதன் சுற்றும் தாங்கும் எல்லையைக் கடந்ததால் அலையின் முகடுகள் நறுக்கப்பட்டதே காரணம். இதுவே நேரிலாத் தன்மை. கைப்பேசியில் இது குறை; வால்வு பெருக்கியில் இதுவே அழகு. வால்வு முகடுகளைச் சட்டென வெட்டாமல் படிப்படியாக வளைக்கிறது.

முகடு வளையும்போது உள்ளீட்டில் இல்லாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸ் சுரத்திலிருந்து 220, 330, 440 எனச் சீரிசைகள் எழுகின்றன. இரு சுரங்கள் சேர்ந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் தோன்றும். சட்சமம் 110, பஞ்சமம் 165 எனில், கழித்தல் 55, கூட்டல் 275. அனைத்தும் 55இன் மடங்குகள். ஆகவே ஒலி திரண்டு நிற்கும். சம இடைவெளிச் சுரவரிசையில் பஞ்சமம் 164.8 ஆதலின் மாறுபாடு சிறிது. அதே முறையில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால், கித்தாரின் சுரக்கட்டையில் அது 138.6 ஹெர்ட்ஸ். கழித்தல் 28.6 என வந்து, சட்சமத்தோடு எளிய உறவின்றி உறுமும். சிதைவொலியில் ராக் கித்தார் கலைஞர்கள் சட்சம பஞ்சம இணைப்பையே பெரிதும் நாடுவது இதனால்தான்.

நேரிலாத் தன்மைக்கு நினைவும் உண்டு. கம்பிகளை ஓங்கி மீட்டும்போது பெருக்கி மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கிறது. வால்வு அலைதிருத்தி ஈடுகொடுக்க இயலாமல் மின்னழுத்தம் தொய்கிறது. பின் மெல்ல மீள்கிறது. தொடக்கத்தில் அமுங்கிப் பின் மலரும் அவ்வொலி, கலைஞரின் கையழுத்தத்திற்கேற்ப மாறுகிறது. ஆகவே ஒற்றை வெடி இங்குப் போதாது. வெவ்வேறு உரப்பில் கொடுக்கும் ஒவ்வொரு தாக்கிற்கும் பெருக்கி வெவ்வேறு விடை தருகிறது.

4. மாடலிங்கின் இரு வழிகள்

இச்சிக்கலுக்குத் தீர்வுகாண இரு வழிகள் உள்ளன. முதலாவது, சுற்றினைப் பகுத்தறியும் வழி. ஒவ்வொரு வால்வு, மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றின் இயல்பைச் சமன்பாடுகளாக்கி, மின்குறி கடந்துசெல்லும் பாதையைக் கணினி கணிக்கிறது. லைன் 6 நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் வெளியிட்ட பாட் கருவி மாடலிங்கைப் பரவலாக்கியது. 2006இல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ் அதனை நுணுக்கமாக்கியது.

இரண்டாவது, கற்றறியும் வழி. தெரிந்த ஒலிகளைப் பெருக்கிக்குள் செலுத்தி, வெளிவருவதைப் பதிவுசெய்து, இரண்டிற்குமுள்ள உறவைக் கருவியே கண்டறிகிறது. ஜெர்மனியின் கெம்பர் கருவி 2011இல் இவ்வழியைப் புகழ்பெறச் செய்தது. நியூரல் ஆம்ப் மாடலர் என்னும் கட்டற்ற மென்பொருள் நரம்பியல் வலையமைப்பால் இதனைச் செய்கிறது. இது பெரும்பாலும் ஒரு பெருக்கியின் ஒரு நிலையை மட்டும் பிடிக்கும் ஒளிப்படம் போன்றது. திருகுகளைத் திருப்பினால் அசல் எவ்வாறு மாறும் என்பதை அது அறியாது.

இருவழிக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. வினாடிக்கு 48,000 எண்கள் எனில் 24,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைக் குறிக்கவியலாது. நேரிலாக் கணக்கில் 25,000 ஹெர்ட்ஸ் சீரிசை பிறந்தால், அது மடிந்து 23,000 ஹெர்ட்சில் தோன்றும். அதற்கும் வாசித்த சுரத்திற்கும் உறவில்லை. இப்போலி ஒலிகளைத் தவிர்க்கவே கருவிகள் உள்ளே எண்களின் செறிவைப் பன்மடங்காக்கிக் கணக்கிடுகின்றன.

5. நடைமுறைப்படுத்தல்

எடுத்துக்கொண்ட 1966ஆம் ஆண்டு ஒலிக்கு மேற்கூறியவற்றைப் பின்வருமாறு பொருத்தலாம்.

முதலில், வால்வு அலைதிருத்தி உடைய ஜேடிஎம்45 வகை மாடலைத் தேர்ந்து, அதன் உரப்பை எல்லைக்கு அருகில் வைத்தல் வேண்டும். சிதைவின் அளவைக் கித்தாரிலுள்ள திருகால் குறைத்தும் கூட்டியும் வாசிப்பதே அக்கால முறை.

இரண்டாவதாக, பின்புறம் திறந்த, 12 அங்குல இரட்டை ஒலிபெருக்கிப் பெட்டியின் துலங்கலைத் தேர்தல் வேண்டும். ஒலிவாங்கியைச் சற்று விலக்கி எடுத்த துலங்கல் அறையின் பங்கையும் தரும்.

மூன்றாவதாக, மூலப்பதிவோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் கேட்டல் வேண்டும். உரப்புக்கேற்பச் செவியின் உணர்திறன் மாறும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டினர். உரத்துக் கேட்பது சிறந்தது போலத் தோன்றும்.

திருவிழா மேடைகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவினருக்கு மற்றொன்றும் இன்றியமையாதது. கருவியை நேரே மிக்சரில் இணைத்தால் பெட்டியின் துலங்கல் இயங்க வேண்டும். கித்தார் பெருக்கியில் இணைத்தால் அதனை நிறுத்த வேண்டும். இல்லையேல் ஒரு பெட்டிக்குள் மற்றொரு பெட்டியை வைத்தது போல ஒலி மங்கும்.

6. கரிசல் வட்டாரத்தின் ஒலிநிறம்

இம்முறையின் பயன் ராக் இசையோடு முடிவதன்று. விருதுநகர் பங்குனிப் பொங்கலிலும், இருக்கன்குடி ஆடித் திருவிழாவிலும், சிற்றூர்த் திருமணங்களிலும் திரைப்பாடல்கள் நெடுங்காலம் கூம்பு ஒலிபெருக்கிகள் வழியாகவே ஒலித்தன. மக்கள் அவற்றைக் 'குழாய்' என்பர். தாழ்சுரங்களை விழுங்கி நடுப்பகுதியை முன்தள்ளும் அக்கூம்பும், அதனை இயக்கிய பழைய பெருக்கியும் சேர்ந்து தனியொரு ஒலிநிறத்தைத் தந்தன. ஒரு தலைமுறை திரையிசையைக் கேட்டறிந்தது அவ்வொலிநிறத்தில்தான். இன்று வால்வு பெருக்கிகள் பழைய இரும்புக்குப் போகின்றன. கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டுப்பாடுகளால் அருகி வருகின்றன. இரைச்சலைக் குறைக்கும் கட்டுப்பாடு தேவையானதே. ஆயினும் ஒலியை நிறுத்துதல் வேறு. அதன் சுவடின்றிப் போதல் வேறு.

கூம்பின் துலங்கலையும் பெருக்கியின் நேரிலாத் தன்மையையும் தனித்தனியே அளந்து வைத்தால், பிற்கால ஆய்வாளர் எந்தப் பாடலையும் அவ்வொலிநிறத்தில் கேட்கலாம். இதற்கு வெடி வேண்டியதில்லை. வெடியின் ஆற்றல் எல்லா அதிர்வெண்களிலும் சமமன்று. இரு வெடிகள் முற்றும் ஒத்திரா. பழமையான மண்டபங்களில் வெடித்தல் தீங்குமாகும். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்ததற்குச் சீராக ஏறும் ஒலியைச் செலுத்தி அளக்கும் முறையை ஆஞ்செலோ ஃபரினா 2000இல் முன்வைத்தார். அது நேரியல் துலங்கலையும் சீரிசைச் சிதைவையும் ஒரே அளவீட்டில் பிரித்துத் தருகிறது.

முடிவுரை

• மின்கித்தாரின் ஒலிநிறம் கித்தார், பெருக்கி, ஒலிபெருக்கிப் பெட்டி, அறை ஆகியவற்றின் கூட்டு விளைவு.

• பெட்டியும் அறையும் நேரியல் தன்மையன. ஒற்றைக் கணத்தாக்கால் அளக்கத்தக்கன. வால்வு பெருக்கி நேரிலாத் தன்மையும் நினைவும் உடையது. அதற்கு மாடலிங் தேவை.

• கருவி மீட்டுத் தருவது ஒலி கடந்துவந்த பாதையையே. கலைஞரின் கையழுத்தத்தையும் காலக்கணக்கையும் எந்தத் துலங்கலும் தாராது.

• அளப்பதற்கு மூலக்கருவி இருத்தல் வேண்டும். 1966ஆம் ஆண்டுக் கித்தார் இன்று கைவசமில்லை. தென்மாவட்டச் சிற்றூர்களின் ஒலியமைப்புக் கடைகளில் எஞ்சியுள்ள கூம்புகளும் பெருக்கிகளும் இன்னும் உள்ளன. அவற்றை அளந்து வைப்பது இசையியல், நாட்டார் வழக்காற்றியல் துறையினர் இப்போதே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.