புளூட்டோ (கைப்பயிற்சி ரோபோ)

புளூட்டோ என்பது பக்கவாதத்தால் செயல் குன்றிய கைக்குக் கணினி விளையாட்டுகள் வழியாகப் பயிற்சி அளிக்கும் சிறிய ரோபோ ஆகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து இதனை உருவாக்கின. இதன் வடிவமைப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரை 2021இல் வெளிவந்தது. 2025இல் கருவி முறையாக அறிமுகம் செய்யப்பட்டது.

தேவை

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. மூளையின் இடப்புறம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் வலக்கை செயலிழக்கும். சோறு பிசைவதும் சட்டைப் பொத்தான் போடுவதும் கடினமாகிவிடும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, பாதிக்கப்படாத மூளைப் பகுதிகள் அப்பணியைக் கற்றுக்கொள்கின்றன. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் இதற்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான அசைவுகள் பயன்படுத்தப்பட்டன. ஆனால் அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று (2009), ஒரு சிகிச்சை நேரத்தில் கைக்குக் கிடைத்த செயல்முறைப் பயிற்சி சராசரியாக 32 தடவை மட்டுமே எனக் கண்டது.

செயல்படும் முறை

புளூட்டோவில் ஒரே ஒரு மோட்டார் உள்ளது. அதில் வெவ்வேறு பிடிகளை மாற்றிப் பொருத்தி மணிக்கட்டை மடக்கி நீட்டவும், பக்கவாட்டில் அசைக்கவும், முன்கையைத் திருப்பவும், விரல்களை மூடித் திறக்கவும் பயிலலாம். கை அசைந்தால் திரையில் உள்ள உருவமும் நகரும். நோயாளியால் எட்ட முடியாத மீதித் தொலைவுக்கு மட்டும் மோட்டார் உதவும். முழுவதையும் கருவியே செய்துவிட்டால் மூளைக்குப் பயிற்சி இராது. பல அசைவுகளுக்கு ஒரே மோட்டார் போதும் என்பதால் கருவி சிறியதாகவும் செலவு குறைவாகவும் அமைகிறது.

வரம்புகள்

இத்துறையின் முன்னோடி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் ஆகியோர் உருவாக்கிய எம்.ஐ.டி.-மேனஸ் ஆகும். பிரித்தானியாவில் 770 நோயாளிகளிடம் இவ்வகை ரோபோப் பயிற்சி சோதிக்கப்பட்டது. 2019இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறன் கூடுதலாக மேம்படவில்லை. எனவே ரோபோ இயன்முறை மருத்துவருக்கு மாற்று அன்று. ஒரே மருத்துவர் பலரைக் கவனிக்க வேண்டிய இடத்தில் பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்டும் துணைக்கருவி என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

ஊர்ப்புறங்களில்

ராஜபாளையம் வட்டாரத்துச் சோழபுரம் போன்ற ஊர்களிலிருந்து வேலூர் 400 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. கை பயில வேண்டியதோ அன்றாடம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டிற்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டு செல்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இத்தகைய அண்மை மையங்களில் கருவி இருந்தால்தான் குறைந்த விலையின் பயன் நோயாளியைச் சேரும். அதுவரை, இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளை வீட்டார் துணையுடன் நாள் தவறாமல் செய்வதே வழி. டம்ளரைப் பிடித்து எடுத்து வைப்பதும் அத்தகைய பயிற்சிதான்.