சாரம் ஏறாத காலுக்கு என்ன கணக்கு?

விபத்து நடந்த இடத்தில் முதலில் கூடுவது கூட்டம். அடுத்து வருவது சமரசம். "ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கிறேன், கேஸ் எல்லாம் வேண்டாம்" என்பார் இடித்தவர். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கைமாறும். முழங்கால் இனி மடங்காது என்று பின்னால் தெரியவரும்போது, விபத்து நடந்ததற்கே கையில் சான்று இருக்காது.

அந்தக் கால் ஒரு கொத்தனாருடையது என்று வைத்துக்கொள்வோம். வயது 32, மாத வருமானம் 15,000 ரூபாய். மருத்துவக் குழு 20 சதவீத ஊனம் என்கிறது. மேசையில் எழுதிப் பிழைப்பவர் இதைச் சமாளித்துவிடுவார். கொத்தனாரால் சாரம் ஏற முடியாது. உடல் ஊனத்தின் அளவு வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பின் அளவு வேறு என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

கணக்கைப் பாருங்கள். 40 வயதுக்குட்பட்ட சுயதொழிலாளி என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000. பன்னிரண்டு மாதம், இந்த வயதுக்கான பெருக்கெண் 16: மொத்தம் 40,32,000 ரூபாய். இதில் 20 சதவீதம் என்றால் 8,06,400. தொழில் இழப்பு 40 சதவீதம் என்று நிரூபித்தால் 16,12,800. மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி.

சம்பளச் சீட்டு இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். கூலித் தொழிலாளியின் வருமானத்தையும் இல்லத்தரசியின் உழைப்பையும் நீதிமன்றங்கள் மதிப்பிட்டே இழப்பீடு வழங்குகின்றன.

முதல் நாளே செய்ய வேண்டியவை

போலீசுக்குப் பயந்து, "வழுக்கி விழுந்துட்டேன்" என்று மருத்துவமனையில் சொல்லிவிடுபவர்கள் உண்டு. விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்த ஒரு வரியைத்தான் பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் தேடி எடுப்பார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், மோதிய வண்டியின் எண் ஆகியவற்றை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே, எப்போது?

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். சட்டம் தரும் கெடு 6 மாதம். கெடு தாண்டியிருந்தாலும் வழக்கறிஞரைக் கேட்காமல் கைவிடாதீர்கள்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. இதற்கான மனுவை உங்கள் பகுதி வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் தர வேண்டும்.

மருத்துவமனை வாசலிலேயே "கிளெய்ம் வாங்கித் தர்றேன்" என்று தரகர்கள் நிற்பார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து, வந்த தொகையில் பாதி என்ற பேச்சு எழுந்தால் விலகிவிடுங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரைத் தரும். உதவி எண் 15100. சாலையோரத்தில் நீளும் ஐந்தாயிரத்தை வாங்கும் முன், அந்த எண்ணுக்கு ஒரு தடவை பேசுங்கள்.