குயவர் வீட்டுக் குடம்

தெற்கு நோக்கி வரும் காவிரி, கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. அங்கே படித்துறையில் ஒரு பங்குனிக் காலையில் நாம் நின்றிருந்தோம். உத்திரத்துக்குப் பழனி செல்வோர் தீர்த்தம் முகந்து கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் எல்லாம் செம்பும் பித்தளையும். சற்றுத் தள்ளி அஸ்தி கரைக்க வந்திருந்தவர்கள் கையில் மாத்திரம் மண் கலயம்.

நம் சமையலறைகளை விட்டு மண்பானை போய் வெகு வருஷங்களாகின்றன. ஆயினும் கலியாணப் பந்தலில் வர்ணம் தீட்டிய அரசாணிப் பானை இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? மாரியம்மன் நோன்பில் எவர்சில்வர் சட்டியில் பூவோடு எடுத்தவரை நாம் கண்டதில்லை. மயானத்திலோ கேட்கவே வேண்டாம். நீர் நிறைந்த குடத்தைத் தோளில் ஏந்தி மகன் மூன்று முறை வலம் வருகிறான். சுற்றுக்கு ஒரு துளை. முடிவில் திரும்பிப் பாராமல் பின்புறம் போட்டு உடைக்கிறான். பித்தளைக் குடம் நசுங்குமே தவிர உடையாது. உடைந்தது மறுபடி ஒட்டாது என்று துக்கத்தில் இருப்பவனுக்குக் காட்ட மண்தான் வேண்டியிருக்கிறது என்பது நம் எண்ணம்.

இது பழைய உறவு. நொய்யற்கரைக் கொடுமணலில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் 1985-ஆம் வருஷம் அகழ்வைத் தொடங்கினார்கள். ஊர் இருந்த பகுதியில், தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. 'கண்ணன் ஆதன்' என்பது அவற்றில் ஒன்று. கல்லறைகளைத் திறந்தால் அங்கும் கலங்கள், அவற்றைத் தாங்கும் பிரிமனைகள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலங்கள் அவை. கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறம் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவரை வேண்டுவதைப் புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் காணலாம்.

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு மாண்டே மக்களிடையே கொல்லர் வீட்டுப் பெண்களே பானை வனைகிறார்கள். நம்மூர்ச் சக்கரம் அங்கே கிடையாது, எல்லாம் கைத்திறனே. நம் பக்கத்தில் மண் மிதித்துப் பிசையும் பெண்களுக்குச் சக்கரத்தில் அமரும் வழக்கமில்லை. ஏன் என்று நாம் ஒரு முதிய குயவரைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

"சோத்துப் பானை கேக்க ஆளில்லீங்க, வாத்தியாரய்யா. கொள்ளிக்கொடத்துக்கு மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கும் வந்து கதவத் தட்டுவாங்க. அதுக்கு யாரும் வெல பேச மாட்டாங்கங்க."

அவருடைய இரண்டு மகன்களும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் சக்கரம் சுற்றத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவரே.