மழைக்கோட்டு நனைகிறதா? தூக்கி எறிய வேண்டாம்!

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். துவாக்குடியில் நம் குடும்பத்தினர் பலர் பைக்கில்தான் வேலைக்குப் போகிறார்கள். சிட்கோ பட்டறைக்கோ திருவெறும்பூருக்கோ தஞ்சாவூர் சாலையில் மழையோடு போக வேண்டியவர்களுக்கு மழைக்கோட்டு அவசியமான பொருள். ஆனால் இரண்டு வருடம் போட்டதும் "இது தண்ணீர் விடுகிறது" என்று ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குகிறோம். பெரும்பாலும் அந்தச் செலவு தேவையில்லை.

நைலான், பாலியஸ்டர் மழைக்கோட்டுகளிலும் குளிர்கால ஜாக்கெட்டுகளிலும் இரண்டு காப்புகள் உண்டு. உள்பக்கம் தண்ணீரைத் தடுக்கும் பூச்சு. வெளிப்பக்கம் தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும் மெல்லிய பூச்சு. அழுக்கும், எண்ணெய்ப் பிசுக்கும், அலசாமல் விட்ட சோப்பும் படிந்தால் வெளிப்பூச்சு வேலை செய்யாது. சோப்புக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. அதனால் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், உடம்பு சில்லிடும். உள்ளே வேர்வையும் வெளியேறாது. கோட்டு ஒழுகாமலே நாம் நனைந்தது போல் இருக்கும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். காய்ந்த கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். உருண்டு ஓடினால் நல்லது. பரவித் துணி கருத்தால் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

1. ஜிப்பை மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிகக் குறைந்த அளவு மென்மையான திரவ சோப்பு விட்டுக் கையால் துவையுங்கள். பிளீச்சிங், துணியை மென்மையாக்கும் திரவம் இரண்டும் கூடாது.

2. நுரை முழுவதும் போகும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வையுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்க விடுங்கள்.

3. கோட்டின் உள்ளே உள்ள சீட்டைப் பாருங்கள். இஸ்திரி படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் சூடு காட்டவே கூடாது. அனுமதி இருந்தால், மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல் இஸ்திரி போடுங்கள். வெளிப்பூச்சு பலவற்றுக்கு இந்தச் சூடு மறுபடி உயிர் கொடுக்கும்.

மீண்டும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அப்போதும் பரவினால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் ஒட்டாத ஸ்பிரே வாங்கி, டப்பாவில் எழுதியுள்ளபடி அடிக்கலாம். ஆனால் வீட்டுக்குள் அடிக்கக் கூடாது. அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். திறந்த வெளியில், முகக்கவசம் போட்டு, அடுப்பும் குழந்தைகளும் அருகில் இல்லாதபோது அடியுங்கள்.

கெட்டிப் பருத்திப் பைகளுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, அதில் பையை ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துங்கள். பிறகு படிகாரம் கரைத்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் காயவையுங்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத மெழுகு போன்ற பொருளாக நூலில் படியும். பவுடர் வேண்டாம், பழைய சலவை சோப்புதான் வேண்டும். படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சாயம் போகிறதா என்று ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மீட்க முடியாது. உள்பூச்சு செதில் செதிலாக உரிந்த கோட்டு ஒழுகத்தான் செய்யும். தையல் வழியாக மட்டும் ஒழுகினால், தையலுக்கான ஒட்டு நாடா போதும். முழுப் பிளாஸ்டிக் கோட்டுக்கு மேற்சொன்ன எதுவும் தேவையில்லை. துடைத்து உலர்த்தினால் போதும், இஸ்திரி பட்டால் உருகிவிடும்.

மழைக்கோட்டை யாருக்காவது தர்மமாகக் கொடுக்க எண்ணினாலும் இதே சோதனையைச் செய்து, துவைத்துச் சரிபார்த்துக் கொடுப்போம். வாங்குபவரும் மழையில்தான் வேலைக்குப் போகிறார். நாம் போட்டுப் போகத் தயங்கும் கோட்டு அவரையும் காக்காது.